பிறக்காதவர் பேரில் பன்னிரண்டு படி

ஒரு காட்டில் ஒரு நாள் யாரோ தும்மினார்கள். யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. வௌவால்தான் என்று மயில் சொன்னது. வௌவால் தலைகீழாகத் தொங்கியபடியே மறுத்தது. எப்படியோ, ஒரு வாரத்துக்குள் காடு முழுக்கத் தும்மியது. மான்களுக்கு மூச்சிரைத்தது. காட்டெருமை எழுந்து நிற்க முடியாமல் படுத்தேவிட்டது. காட்டின் தலைவரான யானை, "இன்று முதல் யாரும் யாரையும் நெருங்கக் கூடாது, அவரவர் புதரைவிட்டு வெளியே வரக் கூடாது" என்று உத்தரவு போட்டார். முள்ளம்பன்றிக்கு மட்டும் இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

அந்தக் காட்டின் ஓரத்தில், ஒரு சூரைப் புதரடியில், பூவாத்தாள் என்ற கௌதாரி தன் கணவர் சென்னிமலையோடு குடியிருந்தாள். அன்றன்றைக்குக் கிளறி அன்றன்றைக்குத் தின்கிற குடும்பம். வெளியே போனால்தான் கறையான், புல்விதை. போகக் கூடாது என்றால்? முதல் நான்கு நாள் புதருக்குள் ஊர்ந்த எறும்புகளைத் தின்றார்கள். பிறகு எறும்பும் தீர்ந்தது. ஏழாம் நாள் சென்னிமலை தும்மினார். எட்டாம் நாள் அவருக்குத் தலை நிற்கவில்லை. பூவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இவர் முதலில் போவாரா, நான் முதலில் போவேனா என்று யோசித்தாள்.

பத்தாம் நாள் காலையில் புதர் வாசலில் ஒரு மூட்டை இருந்தது. உள்ளே ஐந்து படி தினை. மூட்டையின் மேல் சிரித்த முகமாக யானையின் படம். படம் முழுசாகத் தெரிய வேண்டும் என்று மூட்டையை வேண்டியதைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தைத்திருந்தார்கள். பூவாத்தாள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. தினையை அலகால் நசுக்கிக் கணவர் வாயில் வைத்தாள். அவர் விழுங்கினார். விழுங்கிவிட்டாரே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

காட்டில் எல்லா வீட்டுக்கும் இப்படி மூட்டை போனது. புலிக்குப் போன மூட்டையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

மழைக்காலம் முடிவதற்குள் தும்மல் நின்றது. பிழைத்தவர்கள் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யானை ஆற்றங்கரையில் கூட்டம் போட்டார். எல்லோரும் வந்தார்கள், நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து.

நிதி மந்திரி கரடி எழுந்தார். "நாம் சாப்பிட்ட தினை எங்கிருந்து வந்தது, தெரியுமா? ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வயலெலிகள் வளைக்குள் சேர்த்து வைத்திருந்தது. பத்தாயிரம் படி, கடனாக வாங்கினோம். வட்டியோடு திருப்பித் தரவேண்டும்."

கூட்டம் கப்சிப். ஒரு தும்மல்கூட இல்லை.

"சாப்பிட்டவர்கள் கொடுப்பதுதானே முறை..." என்று கரடி இழுத்தார்.

மயில், தோகை எல்லாம் உதிர்ந்துவிட்டது, இந்த வருஷம் பிழைப்பே இல்லை என்றது. காட்டெருமை, இப்போதுதான் எழுந்து நிற்கிறேன் என்றது. குரங்குகள், எங்களுக்கு வந்த மூட்டையில் கால்படி குறைந்தது, முதலில் அதைக் கொடுங்கள் என்று சத்தம் போட்டன. யானை தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைவர் பேரில் கடன் இருந்தால் வெளிக்காடுகளில் நம் மரியாதை என்ன ஆகும் என்று கேட்டார். அந்தக் கவலை யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

கரடி மெல்லச் சிரித்தார். "இந்தக் காட்டில் ஒரே ஒரு பிரிவினர் மட்டும் எந்த ஆட்சேபணையும் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கமானவர்கள்."

"யாருங்க அது?" என்றது மான்.

"இனிமேல் பிறக்கப் போகிறவர்கள்."

ஒரு நிமிஷம் யோசித்தார்கள். அப்புறம் ஒரே ஆரவாரம். வாலுள்ளவர்கள் வாலைத் தூக்கினார்கள், தும்பிக்கையுள்ளவர் தும்பிக்கையைத் தூக்கினார். பூவாத்தாளும் சிறகைத் தூக்கினாள். அவளுக்கு அப்போது பசியும் இல்லை, முட்டையும் இல்லை. இரண்டும் இல்லாத நேரத்தில் எல்லாத் தீர்மானமும் நல்ல தீர்மானமாகத்தான் தெரியும்.

பங்குனியில் பூவாத்தாள் ஏழு முட்டை இட்டாள். மூன்றாம் நாளே, கையில் செம்மண் குழம்புச் சட்டியோடு கீரி வந்து நின்றது. பூவாத்தாள் சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அம்மிணி. நான் இப்பக் கணக்கெடுப்பு வேலையில இருக்கேன். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எதையும் தொடமாட்டேன்" என்றது கீரி. அதன் வாயில் ஓர் இலை கட்டியிருந்தது. நோய்க்காலத்துப் பழக்கம், விடமுடியவில்லை என்றது. எச்சில் ஊறுவது வெளியே தெரியாமல் இருக்கவும் அது உதவியது.

ஏழு முட்டையிலும் கீரி எண் போட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆலிலையை வைத்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: 'இந்த முட்டை, தான் பிறந்த முப்பது நாளுக்குள் பன்னிரண்டு படி தினை செலுத்தக் கடமைப்பட்டது.'

"பன்னெண்டா? நாங்க தின்னதே ரெண்டு பேருக்குமாச் சேர்த்து அஞ்சு படிதானுங்களே!"

"தினை இருக்கு, வட்டி இருக்கு, மூட்டை தைச்ச கூலி இருக்கு. படம் வரைஞ்ச கூலி தனி."

"இது பச்சை மண்ணுங்க. இன்னும் கண்ணே முளைக்கல."

"கண்ணு முளைச்சதும் படிக்கட்டும். அதுக்குத்தான் இலையை வச்சுட்டுப் போறேன்." கீரி சூரியனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, மணி நாலாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பியது. நல்ல கீரிதான்.

பூவாத்தாள் முட்டைகளின் மேல் உட்கார்ந்து பொருமினாள். "எவனோ வாங்கின கடனுக்கு என் புள்ளைங்க கட்டணுமா?"

"எவனோ இல்ல. நாமதான் தின்னோம்" என்றார் சென்னிமலை. "கூட்டத்துல நீயும் சிறகைத் தூக்கினியே."

"நீங்களுந்தான் தூக்கினீங்க."

"எனக்கு அன்னைக்கு அசதி. நீ தூக்கினதைப் பார்த்துத் தூக்கினேன்."

அடைகாத்த பத்தொன்பதாம் நாள், ஆட்சேபணை மனு கொடுப்பது என்று அவள் முடிவு செய்தாள். விசாரித்ததில், மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும் என்று தெரிந்தது. மனுதாரர் என்றால் முட்டை. ஏழில் ஒன்று மட்டும் உள்ளேயிருந்து லேசாக அசைந்துகொண்டிருந்தது. இதுதான் துடியானது, இதையே கூட்டிப் போகலாம் என்று அதை அலகாலும் மார்பாலும் உருட்டிக்கொண்டு புறப்பட்டாள். மற்ற ஆறின் மேல் சென்னிமலை உட்கார்ந்தார். அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வழி நெடுக, பேச வேண்டியதைப் பூவாத்தாள் மனப்பாடம் செய்தாள். "ஐயா, இங்கே இல்லாதவங்க பேரில் கையெழுத்துப் போட இங்கே இருக்கிறவங்களுக்கு உரிமை இல்லீங்க." அழகாக வந்தது. இரண்டு முறை சொன்னதும் அவளுக்கே புல்லரித்தது.

அலுவலகம் ஒரு பழைய கறையான் புற்று. வாசலில் நீண்ட வரிசை. வரிசையில் முள்ளம்பன்றி நின்றதால் இன்னும் நீண்டிருந்தது. புற்றின் மேல் உலகநாதன் என்ற உடும்பு உட்கார்ந்து மனு வாங்கிக்கொண்டிருந்தார். வரிசை நகரவில்லை. தகவல் அனுப்பும் சிலந்தி வலை காலையில் வீசின காற்றில் அறுந்துவிட்டதாம். சிலந்தி வந்து நூற்றால்தான் வேலை நடக்குமாம்.

பூவாத்தாளுக்கு முன்னால் ஒரு தவளை, தாமரை இலையில் தண்ணீரும் முட்டையுமாக ஏந்திக்கொண்டு நின்றது.

"எத்தனைங்க?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"ரெண்டாயிரம்" என்றது தவளை. "தலைக்குப் பன்னெண்டு படின்னா இருபத்து நாலாயிரம் படி. காட்டோட மொத்தக் கடனே பத்தாயிரந்தானே? வட்டியைச் சேர்த்தாலும் இவ்வளவு வராதே? உள்ளே போய்க் கேட்டேன். மிச்சத்தை வச்சு யானைக்குச் சிலை வைக்கப் போறாங்களாம்."

வெயில் ஏறியது. பூவாத்தாள் முட்டையின் மேல் உட்கார்ந்து நிழல் கொடுத்தாள். மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் முறை வந்தது.

"மனுதாரர் பேர்?" என்றார் உலகநாதன், தலை நிமிராமல்.

"இன்னும் வைக்கலீங்க."

"வயசு?"

"பிறக்கவே இல்லீங்களே."

"அப்போ கழித்தல் ஒரு நாள்னு போடறேன். தொழில்?"

"முட்டைங்க."

"சரி. ஆட்சேபணையை மனுதாரர் சொந்தக் குரல்ல சொல்லணும். சொல்லச் சொல்லுங்க."

பூவாத்தாள் கலங்கிப்போனாள். அந்த நேரம் பார்த்து, அவள் வயிற்றுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். பின்னோடு இன்னொன்று. முட்டையில் விரிசல் ஓடியது. வரிசையில் நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முள்ளம்பன்றி மட்டும், மற்றவர்கள் நன்மைக்காக, எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஈரமான தலை ஒன்று வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது.

பூவாத்தாள் அலுவலகம், மனு, கடன் எல்லாவற்றையும் மறந்தாள். குஞ்சின் முதுகை அலகால் கோதினாள். "கண்ணு... என் கண்ணு..."

"வாழ்த்துகள் அம்மிணி" என்றார் உலகநாதன். நிஜமாகவே அவருக்கு மகிழ்ச்சி. ஒரு மனு குறைந்தது. "பிறக்காதவங்க மனு இனிச் செல்லாது. மனுதாரர் பிறந்துட்டார். முப்பது நாளுக்குள்ள பன்னெண்டு படி."

குஞ்சு தள்ளாடி எழுந்து நின்றது. "எதுக்கு?" அதுதான் அது பேசிய முதல் வார்த்தை.

"நோய்க்காலத்துல காடு தின்ன தினைக்கு."

"நான் தின்னலியே. நான் அப்ப இல்லவே இல்லியே." குஞ்சு தாயின் பக்கம் திரும்பியது. "யாரும்மா தின்னது?"

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. பூவாத்தாள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான்தான் கண்ணு. நானும் உங்கப்பனும்."

"தின்னாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருந்தா நாங்க இல்ல. நாங்க இல்லேன்னா நீ இல்ல."

குஞ்சு யோசித்தது. பிறந்து அரை நாழிகைகூட ஆகாத அதற்கு அது பெரிய யோசனைதான். "அப்படின்னா குடுக்க வேண்டியதுதான்போல" என்றது கடைசியில். குஞ்சு தொடர்ந்து கேட்டது, "யானை எவ்வளவு தின்னாரு? அவரும் குடுக்குறாருல்ல?"

உலகநாதன் இருமினார். நாக்கை இரண்டு தடவை நீட்டி உள்ளே இழுத்தார். இந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடம் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புத்திசாலிக் குஞ்சு. உனக்காக ஒரு வழி சொல்றேன்" என்றார். "ஒத்திவைப்பு மனுன்னு ஒண்ணு இருக்கு. இந்தப் பன்னெண்டு படியை நாளைக்கு உனக்குப் பிறக்கப் போற குஞ்சுகள் பேருக்கு மாத்திடலாம். ஏழு பிறந்தா ஆளுக்கு ரெண்டு படிகூட வராது. இன்னும் நிறையப் பிறந்தா இன்னும் குறையும். அவங்களும் ஒத்திவச்சா, அப்புறம் தூசிதான்."

"வட்டி?" என்று தவளை பக்கத்திலிருந்து கேட்டது.

"அது இனிமே பிறக்கிறவங்க பாடு" என்றார் உலகநாதன்.

குஞ்சு தாயைப் பார்த்தது. "பன்னெண்டைவிட ரெண்டு சின்னதாம்மா?"

பூவாத்தாள் வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு தொண்டைவரைக்கும் வந்தது. இங்கே இல்லாதவங்க பேரில்... அவள் கீழே பார்த்தாள். ஈரம் காயாத இறகு. நிற்கத் தெரியாத கால். வெயிலில் நடுங்குகிற ஒரு பிடி உடம்பு. அந்த ஏழு பேர் எங்கேயும் இல்லை. அவர்கள் முகம் அவளுக்குத் தெரியாது. இது இங்கே நிற்கிறது, பசியோடு.

"சின்னதுதான் கண்ணு" என்றாள். பிறகு அவளே குஞ்சின் காலைப் பிடித்து மையில் தோய்த்து, படிவத்தில் அழுத்தினாள். மூன்று விரலும் அழகாகப் பதிந்தன.

உலகநாதன் முத்திரை வைத்தார். "அடுத்தது யாரு?"

பூவாத்தாள் நகரவில்லை. "சாமி, இன்னும் ஆறு படிவம் குடுங்க. வீட்டுல இருக்குது."

திரும்பும் வழியில் குஞ்சு முதல் கறையானைப் பிடித்துத் தின்றது. பிடித்திருந்தது. இன்னும் இரண்டு தின்றது. பிறகு திடீரென்று நின்றது.

"அம்மா, அவங்க என்னைக் கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"யாரு?"

"என் குஞ்சுங்க."

பூவாத்தாள் படிவக் கட்டை அலகில் கவ்வியிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கட்டைக் கீழே வைத்தாள். "மாட்டாங்க கண்ணு" என்றாள். "கேட்டாங்கன்னா, உங்களுக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லிடு. எங்க காலத்துல அப்படித்தான் சொல்லுவோம்."

நீதி: ஓட்டுக்குள் இருப்பவருக்கு ஓட்டு கிடையாது. ஆகவே செலவை அவர் பேரில் எழுதிவிட்டு, அவர் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, முதல் ஆளாக நின்று வாழ்த்துச் சொல்ல வேண்டும்.