கண்ணீருக்குச் சொந்தக்காரர்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டிரான்ஸ்கைப் பக்கம் சாவு விழும் ஊரிலெல்லாம் ஓர் இனம் தவறாமல் வந்து நிற்கும். பாட்டுக்குழுத் தலைவர். கறுப்புக் கோட்டு, மழித்த மோவாய், எவர் அழுதாலும் அது தம் கைவரிசை என்று எண்ணிப் பூரிக்கும் முகம். உங்களுக்குத் தெரியாதவரா என்ன?

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் மக்காயா. ஒத்திகையில் அவர் பேசுவதைக் கேளுங்கள்: "ஒருத்தர் தனியா அடியெடுக்கணும். உடனே பதில் பாடிராதீங்க. தவிக்க விடுங்க. அப்புறம் ஆம்பளைங்க கீழ்க்குரல்ல வந்து தாங்கணும். அதுக்கும் அழலேன்னா அவன் மனுஷனே இல்ல!"

வாஸ்தவம். இதில் ஆவியும் இல்லை, அருளும் இல்லை. ஒரு குரல் தனியே தவிக்கிறது, கூட்டம் அதை ஏந்துகிறது, நமக்கு நெஞ்சு உடைகிறது. ஆனால் ஏந்துகிறவர்கள் யார்? அதை மட்டும் அவர் யோசித்ததில்லை.

சவ அடக்கத்தில் எவராவது பேசியே அறுத்துத் தள்ளினால், கூட்டத்தில் ஒருவர் பாட்டெடுப்பார், எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள், பேசுகிறவர் உட்கார வேண்டியதுதான். நல்ல வழக்கம். பாதிரிமாரையே உட்காரவைத்திருக்கிறோம்.

சுரங்கத்தில் கூரை சரிந்து செத்த லுங்கிசாவின் அடக்கத்தில் அவன் மனைவி நொக்வாகா எழுந்தாள். முன்வரிசையில் சுரங்க நிர்வாகத்தின் ஆள், மடியில் மலர்வளையத்தோடு.

"கூரை ஆடுது, முட்டுக் கொடுங்கன்னு அவரு கெஞ்சினாரு. எறங்கலேன்னா வேலை இல்லேன்னுட்டாங்க..."

நிர்வாகத்தின் ஆள் நெளிந்தார். பாட்டுக்குழுவின் புதுச் சீருடை அந்த நிர்வாகம் கொடுத்தது. மக்காயா சட்டென்று அடியெடுத்தார். அருமையான குரல்! எழுந்தது, தவித்தது, பதிலுக்குக் காத்தது.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"என்னம்மா, பிடிங்க!" என்று பல்லைக் கடித்தார்.

"தவிக்க விடச் சொன்னது நீங்கதானே, வாத்தியாரே?" என்றாள் குழுவின் வுயெல்வா. "கொஞ்சம் தவிங்க. அக்கா, நீ சொல்லு."

நொக்வாகா சொன்னாள். அவள் மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் ஆண்கள் அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று தாங்கினார்கள். யார் கையசைப்பையும் பார்த்தல்ல. கூடமே அழுதது, மக்காயாவும் அழுதார். நிர்வாகத்தின் ஆள் மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

சிரிக்கிறீர்களா? கல்யாணப் பந்தியிலோ அலுவலகக் கூட்டத்திலோ ஒருத்தி நியாயம் கேட்க வாயெடுத்ததும், "சரி சரி, சாப்பாடு ஆறுது, எழுந்திருங்க" என்றீர்களே. அது எந்த ராகம்?