வாட்சப்புக்கு ஒரு வெற்றிலைத் தட்டு

“ஐயோ, சம்மந்தியைத் தூக்கிட்டேன்டி!”

செல்லமுத்து போட்ட கூச்சலில் ரிஷிவந்தியத்து மாடுகளில் பாதி எழுந்து நின்றுவிட்டன. அம்சவள்ளி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

“எங்கய்யா தூக்கின? அவரு தியாகதுருகத்துல இல்ல இருக்காரு?”

“குரூப்புலேர்ந்துடி!”

மகள் எழில்மதிக்கு நிச்சயம் முடிந்த அன்றே ‘எழில்மதி கல்யாணம்’ என்று ஒரு வாட்சப் குரூப்பைத் தொடங்கி, தானே அட்மினாகவும் முடிசூடிக்கொண்டவர் செல்லமுத்து. அன்றிலிருந்து சேவலுக்கு முன்னால் அவருடைய காலை வணக்கம் கூவிவிடும். ரோஜாப்பூ, முருகன், மூட்டுவலிக்கு முடக்கத்தான், சொந்தக் குரலில் பக்திப் பாட்டு என்று இதுவரை அவர் அனுப்பியதை அச்சடித்தால் கல்வராயன் மலைக்கே போர்வை போர்த்தலாம்.

இன்று விடிகாலையில், மாப்பிள்ளையின் அப்பா இருசப்பனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன் பேர்வழி என்று எதையோ அமுக்கியிருக்கிறார். அவரை நீக்கிவிட்ட சேதி நடுக்குரூப்பில் ஊரறிய நிற்பது இப்போதுதான், பத்து மணிக்குத்தான், கண்ணில் பட்டது.

“பந்தியில குந்தினவர எழுப்பிவுட்ட மாதிரி ஆச்சேய்யா! கல்யாணம் நின்னுபோனா எம் பொண்ணு கதி இன்னா?”

செல்லமுத்து போன் போட்டார். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றது ஒரு பெண்குரல். மறுபடி போட்டார். அவளேதான்.

“ஒறவே எல்லைக்கு வெளிய பூடுச்சுடி!”

“பொலம்பாத. மொதல்ல திரும்ப சேத்துவுடு.”

அவசர அவசரமாக இருசப்பனைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டு, டீ டம்ளரை எடுத்தார். ஒரு வாய் உறிஞ்சுவதற்குள், பட்டுச்சேலையில் எழில்மதி சிரிக்கும் படத்துக்கு நேர் கீழே ஒரு கிடாரி வந்து நின்றது.

‘ரெண்டு பல்லு. நல்ல சாது. உதைக்காது. நேர்ல வந்தா பேசிக்கலாம்.’

சேர்த்தது இன்னொரு இருசப்பனை, மாட்டுத் தரகரை!

மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் அதற்குள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். அது எந்தப் படத்துக்கு என்பதுதான் விளங்கவில்லை.

தரகரைக் கழற்றிவிட்டு, சம்மந்தியை நோக்கிப் போன விரலை அம்சவள்ளி எட்டிப் பிடித்தாள்.

“வெரலால தள்ளிட்டு வெரலாலயே கூப்புடுவியா? மரியாதப்பட்ட மனுசன்யா. தட்டு வெச்சி அழைக்கணும்.”

உலக வாட்சப் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒருவரைக் குரூப்பில் சேர்ப்பதற்கு வெற்றிலை, பாக்கு, பூ, பழம், தேங்காய் சகிதம் ஒரு குடும்பம் பஸ் ஏறியது.

சாயங்காலம் சம்மந்தி வீட்டு வாசலை மிதித்ததும் செல்லமுத்து அப்படியே நின்றுவிட்டார். முற்றம் முழுக்க உடைத்த தேங்காய் மூடிகள். இத்தனை தேங்காய் உடைக்கிற அளவுக்கு இன்னா விசேஷம்? வேறு பெண்ணுக்கு நிச்சயமே முடித்துவிட்டார்களோ?

“வாங்க சம்மந்தி, வாங்க வாங்க!”

இருசப்பன் பத்து வயது குறைந்து பளபளத்தார். தேங்காய் சாதம் வந்தது, தேங்காய் பர்பி வந்தது.

செல்லமுத்து தட்டை நீட்டினார்.

“கை தவறிடுச்சுங்க சம்மந்தி. மனசுல வெச்சிக்கினு பொண்ண வேணான்னு சொல்லிடாதீங்க. குரூப்புக்கு வந்துடுங்க.”

இருசப்பனின் முகம் கரண்ட் போன கல்யாண மண்டபம் ஆயிற்று. தட்டையே வெறித்தார். தாம்பூலத்தைத் தள்ளினால் சம்பந்தத்தையே தள்ளியதாகிவிடும். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கணமே செல்லமுத்து அவரைச் சேர்த்து, சந்தோஷத்தில் ஒரு ரோஜாப்பூவையும் தட்டிவிட்டார். இருசப்பனின் சட்டைப்பை ‘டிங்’ என்றது.

இருசப்பனின் மனைவி பெரியநாயகி கணவரைப் பார்த்து முணுமுணுத்தாள்.

“அந்தக் குரூப்புலேர்ந்து வுடுதல கெடைச்சா நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கிறேன்னு வேண்டிக்கினு, காலையிலதான மலையேறிப் போயி ஒடைச்சிட்டு வந்தீங்க? இப்ப கொலசாமிகிட்ட போயி அத்தினியும் திருப்பிக் குடுன்னா கேக்க முடியும்?”