அத்தையின் வீட்டை அப்பா இழுத்துப் போகலாமா?

அன்பும் மரியாதையும் உள்ள ஆர்லிஸ் அத்தைக்கு,

தம்பி மகள் கிர்ஸ்டின் பணிவுடன் எழுதுவது. அப்பா, அம்மா, நான், மாடுகள் எல்லோரும் சுகம். வண்டியின் சுகத்தைத்தான் நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள்.

"நம்ம குடும்பத்துல காலேஜ் முடிச்சவ நீ ஒருத்திதான். மறைக்காம சொல்லு, உங்கப்பா டுவேனோட பழைய பிக்கப் வண்டி, சக்கரம் வச்ச என் டிரெய்லர் வீட்டை அரிசோனா வரைக்கும் இழுக்குமா?" என்று போனில் கேட்டீர்கள். நான் படித்தது வரலாறு, அத்தை. மேலும் எங்கள் போன் சமையலறையில் இருக்கிறது, அப்பாவின் காதும் அங்கேயே இருந்தது. அதனால்தான் கடிதம்.

வெர்ன் மாமா இருந்தவரை குளிர்காலம்தோறும் அவரே உங்களை வெயிலடிக்கும் அரிசோனாவுக்கு வீட்டோடு கொண்டுபோய் விட்டார். அவர் அடக்கத்தன்று அப்பா, "இனிமே நான் கொண்டுபோய் விடுறேன்கா" என்று ஊர் முன்னால் வாக்குக் கொடுத்தாரே, அன்றிலிருந்து அவருக்கு வண்டியின் அடியில்தான் வாசம். சாப்பிடக் கூப்பிட அம்மா அவருடைய பூட்ஸை உதைக்கிறாள். முதலில் விளக்குகளைச் சோதித்தோம். இடப்பக்கம் திரும்ப அப்பா சைகை போட்டால் வலப்பக்க விளக்கு கண்ணடித்தது. "மாத்தி எரியுது டுவேன்!" என்று அம்மா கத்தினாள். "ஓட்டுறவனுக்குத் தெரியும்டி எந்தப் பக்கம் போறோம்னு!" என்றார் அப்பா. அதைச் சரிசெய்த கையோடு உங்கள் டிரெய்லரை மாட்டிப் பழகினோம். அதன் கழுத்து வண்டியின் முதுகில், சாமான் ஏற்றும் தட்டில், உட்காருவதால், கழற்றி நகரும் முன் வண்டியின் பின்கதவை இறக்கிவிட வேண்டும். அப்பா இறக்கவில்லை. கதவு அப்பளமாக மடங்கிவிட்டது.

"கதவை இறக்குனியான்னு கேட்டேனா இல்லையா?" என்றாள் அம்மா.

"கேட்ட. நான் பதில் சொல்றதுக்குள்ள வண்டி கிளம்பிருச்சு."

உங்கள் வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த வாரம் குளிர் வந்தது. இரவில் எஞ்சின் உறையாமல் சூடாக இருக்கச் செருகியிருந்த மின்கம்பியைக் கழற்றாமலே அப்பா கிளம்ப, கொட்டகைச் சுவரிலிருந்து மின்பலகையும் ஒரு பலகைத் துண்டும் தேவாலயம் வரை எங்களோடு வந்தன. பக்கத்துப் பண்ணை லைல், "என்ன டுவேன், கொட்டகையையும் அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றார். இதெல்லாம் சிரிக்கக்கூடியவை. போன செவ்வாய் நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. லைலின் வைக்கோல் டிரெய்லரை ஏற்றத்தில் இழுத்துப் பார்த்தோம், ஏறியது. இறங்கும்போது பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. அப்பா கியரைக் குறைத்து, மேய்ச்சல் மேட்டில் ஏற்றி நிறுத்தினார்.

ஆகவே அத்தை, வேண்டாம். உங்கள் மருமகன் விடுப்பு எடுத்து வந்து இழுத்துப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவின் மனம் நோகாது. நோகும், ஆனால் குறைவாக.

உங்கள் முழங்கால் வலி தணியட்டும், பாதையில் பனி தாமதமாக விழட்டும் என்று வேண்டும்,
கிர்ஸ்டின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது அப்பா கூப்பிட்டார். அவர் புதிதாக மாட்டிய பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க, ஒருவர் அடியில் படுத்துத் திருகைத் திறக்க.

"மிதி."

"மிதிச்சேன்."

"பிடிச்சுக்கோ. அந்த இறக்கத்துல எனக்குப் பயமாயிருச்சு கிர்ஸ்டின். விடு."

விட்டேன்.

"அக்காகிட்ட முடியாதுன்னு சொல்லிரலாம்னு பாத்தேன். மிதி. ஆனா அந்த டிரெய்லர்ல வெர்ன் படுத்த கட்டில் இருக்கு. எவனோ கட்டி இழுத்துட்டுப் போறப்ப நான் வாசல்ல நின்னு கையாட்டணுமா? விடு."

அடியில் படுத்திருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்கும்.

"நீ கூட வர்றியா? இறக்கத்துல எல்லாம் நீ ஓட்டு. நீ பயந்தவ, மெதுவா ஓட்டுவ."

இன்று காலை உங்கள் வீட்டை மாட்டிக்கொண்டு அதே இறக்கத்தில் நான் இறங்கினேன். பின்னால் லைல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். நான் வழிவிடவில்லை. மருமகனைத் தொந்தரவு செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கிறது, அத்தை. மிதித்தது நான்.