பிட்காயின் வாங்காத நிபுணர்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் இனம் பெருகி வருகிறது, வாசகரே. பிட்காயின் வாங்கி லாபம் பார்த்தவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் வெளியில் வாயைத் திறப்பதில்லை. வாங்கி நட்டப்பட்டவர்களையும் சொல்லவில்லை; அவர்களுக்கு வீட்டில் வாயைத் திறக்க வழியில்லை. நான் சொல்வது மூன்றாவது ரகம். எந்த எக்ஸ்சேஞ்சில் வாங்கலாம் என்று வருஷக்கணக்கில் விசாரித்துக்கொண்டே இருக்கிற ரகம். இவர்கள் ஒரு காசுக்குக்கூட பிட்காயின் வாங்கியதில்லை. ஆனால் இவர்களைக் கேட்காமல் அக்கம்பக்கத்தில் வேறு யாரும் வாங்கிவிடவும் முடியாது.

பார்த்ததில்லையா? சனிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் ஏதாவது ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழையுங்கள். இலையில் ரசம் ஓடிக்கொண்டிருக்க, அதைத் தடுக்காமல், இடது கையில் கைப்பேசியை எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கு நேரே நீட்டி, வலது கையால் காற்றில் புள்ளிக்கு அப்புறம் மூன்று சைபர் எழுதிக்காட்டி, ஒரு எக்ஸ்சேஞ்சின் கட்டணத்துக்கும் இன்னொன்றின் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் கண்ணில் படுவார். அவரேதான்.

"பாஸ், இந்த எக்ஸ்சேஞ்ச் ஓக்கேவா?"

"வாங்குறதுக்கு ஓக்கே லா. அனுப்பும்போது பிடிப்பான் பாருங்க."

"அப்ப அந்த இன்னொண்ணு?"

"அனுப்புறதுக்கு ஓக்கே. வாங்கும்போதே பிடிச்சிருவான்."

"அப்ப எதுலதான் வாங்குறது?"

"அவசரப்படாதீங்க. விசாரிச்சுச் சொல்றேன்."

கேட்டவர் பாவம், மோரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். விசாரணை மட்டும் தொடரும். எக்ஸ்சேஞ்ச் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ரிங்கிட்டைப் போட்டால் பிட்காயின் கொடுக்கிற இணையக் கடை. அதை மகளுக்கோ மருமகனுக்கோ அனுப்ப வேண்டுமென்றால் அனுப்பியும் வைக்கும். ஒரு கைப்பேசி வாங்குகிற நேரத்தில் முடிகிற வேலை. நம்மவருக்கு அதற்கு மூன்று வருஷம் போதவில்லை.

அடுத்தவரை உதாரணம் காட்டினால் வம்பு வரும். ஆகவே இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்றை உங்கள் முன் நிறுத்துகிறேன். பெயர் சுகுமாறன். ஊர் கிள்ளான். வேலை தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. வயது ஐம்பத்திரண்டு. இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பவரும் அவரே.

எனக்குப் பதினோரு எக்ஸ்சேஞ்சுகளில் கணக்கு இருந்தது, எல்லாவற்றிலும் இருப்பு சைபர். எக்செலில் ஓர் அட்டவணை வைத்திருந்தேன், குறுக்கே இருபத்திரண்டு பத்திகள்: வாங்கும் கட்டணம், அனுப்பும் கட்டணம், போனை எடுக்கிறானா, எடுத்தால் மரியாதையாகப் பேசுகிறானா என்று எல்லாம் அதில் உண்டு. நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள். பெரும்பாலும் மஞ்சள்தான். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை நான் படிப்பதே இல்லை. ஒற்றை நட்சத்திரக்காரர்களின் புலம்பல்களை மட்டும் தேடிப் படித்து, படித்ததை மலரிடம் வாசித்தும் காட்டுவேன். மலர் என் மனைவி. கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள்.

"நீங்க விசாரிக்க ஆரம்பிச்சப்ப என்ன விலைங்க அது?"

சொன்னேன்.

"இப்ப?"

நான் பேச்சை மாற்றினேன்.

இப்படியே ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் என் காலம் ஓடியிருக்கும். அதற்குள் ஜனனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஜனனி என் அக்கா ராஜேஸ்வரியின் ஒரே மகள், மெல்பர்னில் வேலை பார்க்கிறாள். அக்கா இருபது வருஷம் சுபாங் ஜெயாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்தியவர். நாசி லெமாக்கும் மீ கோரேங்கும் விற்று, மகள் நகைக்கென்று பதினெட்டாயிரம் ரிங்கிட் சேர்த்து வைத்திருந்தார். பெண்ணோ வீடியோ அழைப்பில் தலையை ஆட்டிவிட்டாள்.

"நகை வேணாம்மா. அது லாக்கர்லதான் தூங்கும். அந்தக் காசுக்கு பிட்காயின் வாங்கி அனுப்பிருங்க, போதும்."

வேறு அம்மாவாக இருந்தால் அழுதிருப்பார். அக்கா எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, எதுல வாங்கி அனுப்புறது? நீதான் மூணு வருஷமா இதையே பேசிக்கிட்டு இருக்கியே. தாய்மாமன் பார்த்துக்குவான்னு மாப்பிள்ளை வீட்லயும் சொல்லிட்டேன்."

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் நிஜமாகவே வாங்கப் போகிறார், அதுவும் என் பேச்சை நம்பி! கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. என்ன சொன்னேன் என்று உங்களுக்கே தெரியும். விசாரிச்சுச் சொல்றேன்க்கா என்றேன்.

இந்த முறை விளையாட்டில்லை என்பதால், கணக்குகளை உயிர்ப்பிக்க ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சாக ஆவணங்களை அனுப்பினேன். அங்கேதான் சிக்கல். என் அடையாள அட்டையில் பெயர் சுகுமாறன் ஏ/எல் நாகையா. ஏ/எல் என்றால் மலாயில் இன்னாரின் மகன், பெண்ணாக இருந்தால் ஏ/பி. இந்த நாட்டுத் தமிழன் ஒவ்வொருவனுக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவே அந்தச் சாய்கோடு நிற்கிறது. என் வங்கியோ கோட்டை எடுத்துவிட்டு இடைவெளி விட்டிருக்கிறது. எக்ஸ்சேஞ்ச்காரனோ வங்கியிலும் அட்டையிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும் என்கிறான். ஒன்றின் படிவம் சாய்கோட்டைத் தட்டினாலே சிவந்தது. இன்னொன்று ஏ/எல் என்பதே என் குடும்பப் பெயர் என்று முடிவு கட்டி, 'மதிப்பிற்குரிய திரு. ஏ/எல் அவர்களுக்கு' என்று கடிதம் போட்டது. மூன்றாவது, வங்கியிடம் கடிதம் வாங்கி வா என்றது.

எனக்கு வந்ததே கோபம்! ரயில்வேயில் வெயிலில் நின்று தண்டவாளம் பார்த்த மனுஷன் நாகையா. அவர் பெயருக்கு முன்னால் இருக்கிற கோட்டை ஒரு கம்ப்யூட்டர் அழிப்பதா?

"ஒரு கோடுதானே, விட்டுட்டு அடிங்களேன்" என்றாள் மலர்.

"உனக்குத் தெரியாது. இது மானப் பிரச்சினை."

அன்றே அட்டவணையில் இருபத்துமூன்றாவது பத்தி சேர்ந்தது. தலைப்பு: சாய்கோட்டு மரியாதை. பதினோரு எக்ஸ்சேஞ்சுகளுக்கும் அதில் சிவப்பு அடித்தேன். இருபத்துநான்காவதாக இன்னொரு பத்தியும் சேர்த்தேன், எக்ஸ்சேஞ்சுகளுக்கு அனுமதி தருகிற அரசாங்கத்தின் செக்யூரிட்டிஸ் கமிஷன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று. முதலில் வைத்திருக்க வேண்டிய பத்தி. இணையத்தில் அரை நிமிஷத்தில் பார்த்துவிடலாம் என்பதாலேயே அதில் எனக்கு சுவாரஸ்யம் இல்லை, கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

நான்கு வாரம் இப்படிப் போயிற்று. ஐந்தாவது வாரம் தங்கம் மாதிரி ஒரு எக்ஸ்சேஞ்ச் கிடைத்தது. டெலிகிராம் குழு ஒன்றில் யாரோ போட்டிருந்தார்கள். வாங்கக் கட்டணம் இல்லை, அனுப்பவும் கட்டணம் இல்லை. பெயரைத் தட்டினேன், சாய்கோட்டோடு. நாற்பதே வினாடியில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. நடுவில் கோடு நிற்க, நாகையா முழு மரியாதையோடு நின்றார். உதவிக்கு நவீன் என்று ஒருவர், அதுவும் தமிழில்.

"வணக்கம் அண்ணே. என்ன சந்தேகம்னாலும் கேளுங்க அண்ணே."

இதுவரை எந்த எக்ஸ்சேஞ்சாவது என்னை அண்ணே என்று கூப்பிட்டதுண்டா? கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஐநூறு ரிங்கிட் போட்டேன். இரண்டு நாளில் அது அறுநூற்று நாற்பது என்று காட்டியது. அட்டவணை பச்சைப்பசேல் என்று ஆயிற்று. கடைசிப் பத்தியில் மட்டும் 'பிறகு பார்க்க' என்று எழுதி வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, அட்டவணையை வண்ணத்தில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, புறநகர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ரசீது சரிபார்ப்பதுபோல் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"நல்லா கலர் அடிச்சிருக்க. வாங்கலாம்னு தெரியுது. அனுப்ப முடியுமா?"

"ஃப்ரீயாவே அனுப்பலாம்க்கா. நானே ஐநூறு போட்டிருக்கேன்."

"நீ அனுப்பிப் பார்த்தியா?"

"அது… இல்லக்கா."

"நீ போட்ட ஐநூறுல ஐம்பதை ஜனனிக்கு அனுப்பு. இப்பவே. நான் பாக்கணும். உங்க ஃபேக்டரில கையுறைக்குள்ள தண்ணி ஊத்திப் பார்ப்பீங்கன்னு சொல்வியே, ஒழுகுதான்னு. இதுலயும் கொஞ்சம் ஊத்திப் பாரேன்."

மெல்பர்னில் ஜனனியைக் கூப்பிட்டோம். அவள் தன் பிட்காயின் வந்து சேர வேண்டிய வாலட்டின் முகவரியை அனுப்பினாள். நான் பந்தாவாக 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நவீன் வந்தார்.

"அண்ணே, வெளிய அனுப்பணும்னா ரிலீஸ் டாக்ஸ் கட்டணும் அண்ணே. ரெண்டாயிரம் ரிங்கிட். கட்டினதும் உடனே போயிரும்."

ஐம்பது ரிங்கிட்டை அனுப்ப இரண்டாயிரம்! நான் என்ன செய்தேன், கேளுங்கள். சத்தம் போட்டேனா? அதுதான் இல்லை. மடிக்கணினியைத் திறந்து, அட்டவணையில் 'ரிலீஸ் டாக்ஸ்' என்று இருபத்தைந்தாவது பத்தி ஒன்றைச் சேர்த்தேன். மற்ற எக்ஸ்சேஞ்சுகளில் அது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டாமா?

அக்கா என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினார். ஒற்றை விரலால் தட்டினார்.

"தம்பி நவீன், ஆபீஸ் எங்க இருக்கு?"

"சுபாங் ஜெயா, அண்ணே."

"சுபாங் ஜெயாவுல எங்க? நான் இருபது வருஷம் அங்கதான் கேண்டீன் நடத்தினேன். ரோடு பேரு சொல்லுங்க, இப்ப கிளம்பி வரேன். நேர்ல கட்டிடறேன்."

கொஞ்ச நேரத்தில் உரையாடல் காணாமல் போயிற்று. அப்புறம் என் கணக்கு. அப்புறம் அந்த எக்ஸ்சேஞ்சே.

என் பெயரை எதற்காக அப்படிப் பட்டென்று ஏற்றுக்கொண்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோட்டைப் பார்த்துத் தகராறு செய்தவர்கள் என் ஆவணத்தைப் படித்திருக்கிறார்கள். இவர்கள் படிக்கவே இல்லை. நான் வாழைத்தண்டு என்று தட்டியிருந்தாலும் வருக வருக அண்ணே என்றிருப்பார்கள். அக்கா மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், இருபது வருஷ நாசி லெமாக்கும் நவீன் பைக்குப் போயிருக்கும், வழி காட்டியவன் தாய்மாமன் என்று ஊர் பேசியிருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா திட்டியிருந்தால் தேவலை. கோப்பி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கேயும் என் பெயரை ஏ எல் என்று கோடு இல்லாமல் எழுதினார்கள். அப்படியே கையெழுத்துப் போட்டேன்.

அதே நேரத்தில் அக்கா, நான் 'பிறகு பார்க்க' என்று விட்டுவைத்த கமிஷன் பட்டியலைத் திறந்து, அதிலிருந்த ஒன்றைப் பிடித்து, தன் பெயரை வங்கியில் இருக்கிறபடியே ராஜேஸ்வரி ஏ பி நாகையா என்று கோட்டுக்குப் பதில் இடைவெளி விட்டுத் தட்டியிருக்கிறார். ஒரு நாள் காத்திருக்கச் சொன்னார்களாம். காத்திருந்தாராம். முதலில் நூறு ரிங்கிட்டுக்கு வாங்கி, ஐம்பதை ஜனனிக்கு அனுப்பி, அவள் "வந்துருச்சும்மா" என்று சொன்ன பிறகு மீதியையும் வாங்கி அனுப்பிவிட்டார். கட்டணம் எவ்வளவு பிடித்தார்கள் என்று நான் கேட்டேன்.

"பிடிச்சிருப்பாங்க. யாரு பார்த்தா?"

"அப்பா பேருக்கு முன்னால கோடு இல்லாம போச்சேக்கா."

"கொஞ்சம் இடம் விட்டு நிக்கிறார். காத்தோட்டமா இருக்கும், விடு."

கல்யாணம் கிள்ளானில் சிறப்பாக நடந்தது. தாய்மாமனாக மாலையோடு நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா அக்காவிடம், நகைக்குப் பதிலாக பிட்காயின் அனுப்பினீர்களாமே, பயமாக இல்லையா என்று கேட்டார். அக்கா என் தோளில் கை வைத்தார்.

"எனக்கு என்ன தெரியும் சம்பந்தி? எல்லாம் என் தம்பி பார்த்துச் சொன்னதுதான்."

அந்த இடத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்படியா! எனக்கும் ஒரு நல்ல எக்ஸ்சேஞ்சா சொல்லுங்களேன்" என்றார். நான் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் பேசினேன். பந்தி முடிந்துவிட்டது.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்றைக் கேட்டுவிட்டு விடுகிறேன். அக்கா வாங்கி அனுப்பினாரே, அந்த எக்ஸ்சேஞ்ச் எது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கவனித்தீர்கள்தானே? ஏதோ ஒரு வரியில் விட்டுவிட்டோமோ என்று மேலே போய் ஒருமுறை தேடியும் பார்த்திருப்பீர்கள். சரி, சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடனே வாங்கிவிடப் போகிறீர்களா? அதற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்கப் போகிறீர்கள். வெட்கப்படாதீர்கள், வாசகரே. சனிக்கிழமை வாருங்கள், என் மேசையில் இன்னும் ஓர் இலை போடச் சொல்கிறேன்.