கியர் போடும் கையின் நீளம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார், யாரையும் எழுதித் தரச் சொல்லாமல், தன் கையாலேயே எழுதுவது. நான் நலம். உங்கள் மனைவியும் நலம்தான், ஆனால் அதை உங்களிடம் ஒப்புக்கொள்ள மாட்டாள். நீங்களும் உங்கள் பஸ்ஸும் நலமாக இருக்க வேண்டும். ‘மாப்பிள்ளை’ என்று எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் பாருங்கள், எழுத்து எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது.

குடோனில் மூட்டை தூக்கிய காலமெல்லாம் கைநாட்டு வைத்தவன், போன வருஷம் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டு, இப்போது அதே மாலை வகுப்பில் இங்கிலீஷுக்கும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாரப் பாடம், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்வது. சொன்னார் என்பதற்கு எல்லா இடத்திலும் ‘செட்’, ‘செட்’ என்றே போடக் கூடாதாம். ஒப்புக்கொண்டால் ‘அட்மிட்டட்’. மறுத்தால் ‘டினைட்’. ‘டோல்டு’ என்று எழுதினால் யாரிடம் சொன்னார் என்பதையும் கூடவே எழுத வேண்டும், பாதியில் விட முடியாது. ஒருவர் பசிக்கிறது என்று சொல்லியிருந்தால், நாம் எடுத்துச் சொல்லும்போது அதைப் பசித்தது என்று ஆக்கிவிட வேண்டுமாம். அந்த ஆளுக்கு இன்னும் யாரும் சோறு போடவில்லையே என்று கேட்டேன். நீங்கள் போய்ச் சொல்லிச் சேர்ப்பதற்குள் அது பழைய பசி ஆகிவிடும் என்று டீச்சர் விளக்கினார். வகுப்பே சிரித்தது. நான் எழுதிக்கொண்டேன்.

இந்தப் பாடம் நம் வீட்டுக்கென்றே வந்ததுபோல இருக்கிறது. என் மகள் உங்களுக்குத் தைத்த புதுச் சட்டையை டிப்போவுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். நீங்கள் போட்டுப் பார்த்து, ஒரு கை மட்டும் நீளம் என்று கண்டு, “கியர் போடுற கைக்குத் தனியா அளவு எடுத்தியா?” என்று கேட்டீர்கள். சும்மா கேட்டேன் மாமா என்று நீங்கள் போனில் சொல்கிறீர்கள். அத்தனை டிரைவர்களுக்கு முன்னால் கேலி பண்ணினார் என்று அவள் சொல்கிறாள். பேச்சு ஒன்றுதான், அதற்குள் பெட்டி கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

வந்ததிலிருந்து கையில் கத்தரிக்கோல்தான். என் சட்டைகளையெல்லாம் பிரித்துத் தைத்தாகிவிட்டது. திரைச்சீலை முடிந்தது. தலையணை உறையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டாள், தலையணை வெளியே கிடக்கிறது, நான் கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொள்கிறேன். அதுகூடப் பரவாயில்லை மாப்பிள்ளை. இங்கேயே ஒரு தையல் கடையில் வேலை கேட்டுவிட்டாள். முதல் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்துவிட்டால் அப்புறம் அவளைத் திருப்பி அனுப்புவது என்னால் ஆகாது.

நேற்று நூலைப் பல்லால் கடித்தபடி ஒன்று சொன்னாள். “கியரை மாத்துறப்பல்லாம் அவருக்கு சட்டை மணிக்கட்டுக்கு மேல ஏறிடுதுப்பா. வெயில் பட்டு அந்த எடம் மட்டும் கருத்துப்போச்சு. அதுக்குத்தான் நீளமா வச்சேன். அதைப் பாத்தா சிரிச்சாரு?” இதற்கு ‘அட்மிட்டட்’ போடலாம் என்று நினைக்கிறேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் தடுத்தாள். எழுதுவதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அப்பன் எழுதுவான் என்று அவளுக்கு எங்கே தோன்றப்போகிறது? உங்கள் நினைப்பு வருகிறதா என்று கேட்டேன். வரவே இல்லை என்று மறுத்தாள். மறுத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்ததில் அதற்கு வினைச்சொல் இல்லை.

ஆகையால், இதைக் கண்டதும் அந்தச் சட்டையைப் போட்டு ஒரு நாள் வண்டி ஓட்டிப் பாருங்கள். பிறகு நேரே இங்கே வந்து ஒப்புக்கொள்ளுங்கள். வெறுமனே சொல்ல வேண்டாம்.

உங்கள் பிரேக் எப்போதும் பிடிக்கட்டும், ஏறுகிறவர்களெல்லாம் சில்லறையோடு ஏறட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: இதை எழுதி வைத்து இரண்டு நாள் ஆகிறது, தபாலில் போடுவதற்குள் நீங்களே வந்துவிட்டீர்கள். நேற்று சாயங்காலம் அதே சட்டையோடு வாசலில் நின்று, “ஓட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, சட்டை ஏறவே இல்ல. தப்பு என்னோடதுதான்” என்றீர்கள். அவள் அந்தக் கையை இழுத்துப் பார்த்து, “இன்னும் அரை இஞ்ச் விட்டிருக்கலாம்” என்றாள். அது மன்னித்ததா, குறை சொன்னதா என்று வகுப்பில் கேட்க வேண்டும். இப்போது இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து தலையணை உறையைப் பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். மேலே எழுதியதெல்லாம் பழைய பசி ஆகிவிட்டது. ஆனாலும் இது என் முதல் கடிதம், கிழிக்க மனம் வரவில்லை. ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன். உங்கள் வீட்டு விலாசத்துக்குத்தான் வருகிறது. தபால்காரர் கதவைத் தட்டும்போது வாங்க வீட்டில் ஆள் வேண்டும். இரண்டு பேரும் நாளைக்கே கிளம்புங்கள்.