கீழ்வீட்டில் படம் தெரியவில்லை

கேபிளின் வெள்ளை உறையைச் சீவப் போய் நடுவிலிருந்த செம்புக் கம்பியையும் சேர்த்துச் சீவிவிட்டான் வேலிமிர். காலையிலிருந்து இதையேதான் செய்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தவறுக்கும் கேபிளில் ஒரு சாண் குறைந்தது.

"பரவாயில்லடா, நிதானமாப் பண்ணு" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா ஒப்ராத். நிதானம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வேலிமிர் கேட்டதே இல்லை.

அன்று குடும்பத்தைக் காக்கும் புனிதரின் நாள். கூடத்து மேசையில் ரொட்டியும் சிவப்பு ஒயினும் இனிப்புக் கோதுமையும் ஏற்றாத மெழுகுவர்த்தியும் காத்திருந்தன. கோயிலுக்குப் போக முடியாததால் பூசையை டிவியில் பார்க்க வேண்டும், அதுவும் என் அறையிலேயே பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார் அப்பா. அவர் அறையில் வைத்த இரண்டாவது டிவிக்குத்தான் கூடத்துக் கேபிளிலிருந்து ஒரு கிளை இழுத்துக்கொண்டிருந்தான் வேலிமிர். டிவியை 'பொய்ப்பெட்டி' என்று ஏசியே கிழவரானவர் அவர். ஆனால் இதயம் பாதிதான் ஓடுகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் கேட்ட ஒரே ஆசை இது. அடுத்த வருடம் இதே நாளில் அவர் இருப்பாரா என்று நினைத்தாலே வேலிமிருக்கு அழுகை வந்தது.

வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாயில் டங், டங் என்று சத்தம் எழுந்தது.

"தம்பி பேசறார்" என்றாள் மனைவி ரூஜா.

கீழ்வீட்டுத் தம்பி ஸ்தேவான் ஆறு வருடமாகக் குழாயைத் தட்டித்தான் பேசுகிறான். பிளம் சாராயம் காய்ச்சும் கொப்பரையை ஓட்டையாக்கியது யார் என்பதில் தொடங்கிய சண்டை அது. புனிதர் நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை. வேண்டியவன் தானே வருவான். "வழி தெரியும்ல, வரட்டும்" என்பான் வேலிமிர். "ஒரு வார்த்தை கூப்பிட்டா வாய் தேஞ்சிடுமா?" என்பான் ஸ்தேவான். ரொட்டியைக் குடும்பத்து ஆண்கள் சேர்ந்து பிடித்துச் சுழற்ற வேண்டும். ஆறு வருடமாக மறுபக்கத்தை ரூஜாதான் பிடிக்கிறாள். அப்பா அந்த நேரம் கண்ணை மூடிக்கொள்வார்.

அழைப்பு மணி அடித்தது. ஸ்தேவானின் மனைவி சென்கா வாசலில் நின்றாள். ஆண்கள் சண்டை பெண்களை ஒட்டவில்லை; மாமனாருக்குத் தினமும் சூப் கொண்டுவருகிறவள் அவள்.

"அத்தான், எங்க வீட்டுல படம் போச்சு. மேல என்னத்தக் குடையுறாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."

கூரை ஆன்டெனாவிலிருந்து ஒரே கேபிள்தான் வீடு வீடாகக் கோத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. மேல்வீட்டில் இருமினால் கீழ்வீட்டில் தும்முவார்கள்.

"அவங்களுக்கும் கீழ இருக்கற மூணாவது மாடிக்காரங்க ஒண்ணும் சொல்லலையே" என்றாள் ரூஜா.

"அவங்க கௌரவமானவங்க. பொறுத்துக்குவாங்க" என்றான் வேலிமிர். தம்பி வீட்டில் படம் போனதில் அவனுக்கு லேசான திருப்திகூட இருந்தது. அது புனிதர் நாளில் படக்கூடாத திருப்தி என்றும் உறுத்தியது.

இரண்டு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றினான். அப்பாவின் டிவியில் படத்துக்குப் பதில் வெள்ளைப் புள்ளிகள் பனியாகக் கொட்டின. கடையில் வாங்கிய கனெக்டரைத் திருகினான். கூடத்து டிவியிலும் படம் போனது. மறுபடி வெட்டினான். கேபிள் இப்போது அப்பாவின் அறைக்கே எட்டவில்லை. டிவியை அறையின் வாசற்படிக்கு இழுத்தார்கள். இன்னொரு முறை வெட்டியதும் டிவி கூடத்துக்கு வந்தது. அதன் பின்னாலேயே அப்பாவின் சக்கரக் கட்டிலும் வந்து, ரொட்டி இருந்த மேசையருகே நின்றது.

குழாய் இப்போது விடாமல் அலறியது. சென்கா திரும்பி வந்தாள்.

"கேபிளைப் பல்லால கடிச்சா பல்லுதான் போகும்னு சொல்லச் சொன்னார்."

"பல்லு என்னோடதுன்னு போய்ச் சொல்லு."

பூசை தொடங்க நேரம் நெருங்கியது. வேலிமிர் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். செத்துக்கொண்டிருக்கிற தகப்பனின் ஒரு ஆசையைக்கூடச் செய்யத் தெரியாத மகன். அவமானத்தில் காது சுட்டது.

கதவு தட்டாமலே திறந்தது. வீட்டுச் செருப்பும் கையில் குறடுமாக ஸ்தேவான் நின்றான்; பின்னால் சென்கா. தொலைபேசி இலாகாவில் கேபிள் போடுகிறவன்.

"நான் விருந்துக்கு வரல" என்றான் சுவரைப் பார்த்து. "கேபிளுக்கு வந்தேன்."

ரூஜா அதற்குள் கோதுமைத் தட்டோடு அவன் முன்னால் போய்விட்டாள். புனிதர் நாளில் படி தாண்டியவன் ஒரு கரண்டி கோதுமையை மறுக்க முடியாது. ஸ்தேவான் சிலுவை போட்டுக்கொண்டு வாயில் போட்டான். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, உங்க பெரிய பிள்ளைகிட்டச் சொல்லுங்க. உறைக்குள்ள இருக்கற வலைக்கம்பியைப் பின்னால மடிக்கணும். அதுல ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் வராது."

"அப்பா, உங்க சின்னப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க. அந்த இழை என் கண்ணுக்குத் தெரியலன்னு."

"ரெண்டு பேரும் எனக்கு ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்கீங்க" என்றார் அப்பா.

ஸ்தேவான் முனையை வெட்டினான், இழைகளை மடித்தான், கனெக்டரைத் திருகினான். வேலிமிர் விளக்கைப் பிடித்தான். தம்பியின் பிடரியில் நரை விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அது தெரியாமலே போயிருந்தது.

படம் பளிச்சென்று வந்தது. பாதிரியார் ரொட்டியை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"நம்மளதையும் எடுங்கடா" என்றார் அப்பா.

ரூஜா மெழுகுவர்த்தியை ஏற்றினாள். தான் ஆறு வருடம் நின்ற இடத்திலிருந்து விலகிக்கொண்டாள். ரொட்டி கட்டிலுக்கு மேலே சுழன்றது. அப்பா இந்த முறை கண்ணை மூடவில்லை. வேலிமிரின் பக்கம் ரொட்டி சாய்ந்தது.

"சாயாமப் பிடி அண்ணே" என்றான் ஸ்தேவான், தாழ்ந்த குரலில்.

வெட்டிய ரொட்டியில் ஒயின் ஊற்றி முத்தமிட்டு முடித்தார்கள். ஸ்தேவான் குறடைக் கையில் எடுத்தான்.

"எங்க வீட்டுல இன்னும் படம் வந்திருக்காது. கோளாறு மேலதான் எங்கயோ இருக்கு. எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னு சென்கா காலையிலேயே பார்த்துட்டா."

"உக்காரு. சாப்பிட்டுட்டு ரெண்டு பேருமாத் தேடுவோம்" என்றான் வேலிமிர்.

சென்கா மாமனாரின் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தாள். ஏப்ரன் பையிலிருந்து ஒரு கனெக்டரை எடுத்துக் காட்டி மெல்லக் கேட்டாள்:

"மாமா, நீங்க கழட்டச் சொன்னதை இப்பவே எங்க டிவியில மாட்டிடவா, இல்ல சாப்பாடு முடியட்டுமா?"