பன்னிரண்டு குழு, ஒரே விடை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த தேதி யாருக்கும் தெரியாது. சக்கரத்தின் தேதியும் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் ஆய்வகம் நடத்தலாம் என்று கண்டுபிடித்த தேதி எனக்குத் துல்லியமாகத் தெரியும். 1967 ஜூலை 20, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. இடம், கோயமுத்தூரில் எங்கள் கல்லூரியின் கமிட்டி அறை. சென்னகேசவன் என்கிற நான், கணிதத் துறை டெமான்ஸ்ட்ரேட்டர், கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் அங்கே இருந்தேன். போண்டாவும் இருந்தது.

கண்டுபிடித்தவர் எங்கள் துறைத் தலைவர் பேராசிரியர் பாலகோபால். பம்பாய்க்குப் பத்து நாள் கருத்தரங்கு போய்வந்தவர். அங்கே கம்ப்யூட்டரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நேரில் பார்த்தவர்.

"தனியாப் படிக்கிற காலமெல்லாம் போச்சுங்க. நாலு பேரு சேந்து படிக்கோணும். ஒருத்தனுக்குத் தெரியாததை இன்னொருத்தன் சொல்லிக் குடுக்கோணும். இதுக்குப் பேரு 'கூட்டு ஆய்வகம்'," என்றார்.

"மெஷினுங்க சார்?" என்று கேட்டேன்.

"மெஷின் எப்ப வேணாலும் வரும். மொதல்ல மனப்பான்மை வரோணும்."

மனப்பான்மை அன்று மாலையே வந்துவிட்டது. மெஷினுக்குப் பதிலாகக் கல்லூரித் தச்சுப் பட்டறையில் தேக்கு மரத்தில் ஒரு மாதிரி செய்து வைத்தோம். சிவப்பு, பச்சை விளக்குகளைப் பெயிண்டிலேயே எரிய விட்டோம். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். தொடக்கூடாது.

முதலாண்டு மாணவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். குழுவுக்கு நான்கு பேராகப் பன்னிரண்டு குழுக்கள் என்று சுற்றறிக்கை விட்டோம். ஒவ்வொரு குழுவும் மெஷினுக்கான கட்டளைகளைத் தாளில் எழுதும். மெஷின் எழுத்தைப் படிக்காது, அட்டையில் போட்ட துளையைத்தான் படிக்கும். பக்கத்து மில் ஆபீசில் அந்தத் துளை போடும் இயந்திரம் இருந்தது. அங்கே வரிக்கு ஓர் அட்டையாகத் துளைத்து, கட்டிக் கொடுத்தால், கட்டு ரயிலேறி மதராசுக்குப் போகும். அங்கே ஓர் ஆராய்ச்சி மையத்தில் நிஜமான கம்ப்யூட்டர் இருந்தது. ஒன்பதாம் நாள் விடைத்தாள் வரும். அட்டையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால், விட்டுப்போன செய்தி மட்டும் வரும். மறுபடி ஒன்பது நாள்.

முதல் பயிற்சி, சிறுவாணி மலையில் பத்து ஆண்டுகளில் பெய்த மழையின் சராசரி. முதல் முறை பதினொரு குழுக்களுக்குப் பிழைச்செய்தி வந்தது. ஒரு குழுவுக்கு விடையே வந்தது. தசமப் புள்ளியை மறந்திருந்தார்கள். சிறுவாணியில் ஆண்டுக்குப் பதினான்கு லட்சம் அங்குலம் மழை.

"மெஷின் சொல்லுதுன்னா காரணமிருக்கும்," என்றார் பேராசிரியர். அறிக்கையில் 'மேலும் ஆராயத்தக்கது' என்று எழுதினேன்.

இந்த உன்னத ஏற்பாட்டுக்குக் குந்தகமாக வந்து சேர்ந்தாள் வெங்கடலட்சுமி. அவிநாசிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற மாணவி. கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி, டிகிரி முடிகிறவரைக்கும் அப்பாவிடம் தவணை வாங்கியிருந்தாள். மதிய வேளையில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து, அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் துளை துளையாகப் படிப்பாள்.

முதலில் அவளிடம் போனவன் கோட்டைமேட்டு ரசாக், வேறு குழு. மூன்று முறை பிழைச்செய்தி வாங்கிப் படிப்பையே விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தான்.

"உங்க அட்டைய நான் படிக்கிறேனுங்க. எங்க அட்டைய நீங்க படிங்க. அவங்கவங்க தப்பு அவங்கவங்க கண்ணுக்குத் தெரியறதில்லீங்க," என்றாள் அவள்.

"எனக்கு ஒண்ணும் புரியாதுங்களே."

"நீங்கதான் மெஷினுன்னு வெச்சுக்கங்க. இந்த வரி சொல்றத மட்டும் செய்ங்க. அப்புறம் அடுத்த வரி."

ஒரு மாதத்தில் ரசாக் மற்றவர்களுக்கு மெஷினாக நின்று காட்டினான். வகுப்பு முழுவதும் மதியத்தில் சைக்கிள் ஸ்டாண்டில்தான். ஆய்வகத்தில் தேக்குப் பெட்டி மட்டும் இருந்தது. நானும் ஒரு நாள் என்னுடைய மாதிரி அட்டைகளை அவளிடம் கொண்டுபோனேன். இரண்டு பிழை எடுத்துக் கொடுத்தாள். இதற்குப் பெயர் 'கலந்தாலோசனை'.

டிசம்பரில் அதே மழைக் கணக்கின் பன்னிரண்டு கட்டுகளும் மறுபடி போயின. பன்னிரண்டு விடைகளும் வந்தன. பிழை ஒன்றுமில்லை. அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

"பன்னெண்டு குழுவுக்கும் ஒரே விடை! பச்சைக் காப்பி!" என்று மேஜையைத் தட்டினார் பேராசிரியர்.

"ஒரே பத்து எண்ணுங்க சார். சராசரி ஒண்ணுதானுங்களே வரும்?"

"கேசவன், அது கணக்கு. நான் ஒழுக்கத்தப் பத்திப் பேசறேன்."

ரசாக்கை அழைத்தோம். விசாரணை என்று அவனுக்குப் புரியவில்லை. பாராட்டுக் கூட்டம் என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "அவங்க சொல்லிக் குடுக்கலீன்னா நான் எப்பவோ படிப்ப உட்டுப்போட்டுப் போயிருப்பேனுங்க சார்," என்றான். 'ஒப்புதல் வாக்குமூலம்' என்ற தலைப்பில் பதிவு செய்தேன்.

பிறகு அவள் வந்தாள்.

"நாலு பேருக்குள்ள சொல்லிக் குடுத்தா அதுக்கு என்னங்க சார் பேரு?"

"கூட்டு முயற்சி."

"அஞ்சாவது ஆளுக்குச் சொல்லிக் குடுத்தா என்னங்க பேரு?"

"காப்பி!"

"நாலாவது ஆளுக்கும் அஞ்சாவது ஆளுக்கும் நடுவுல என்னங்க சார் இருக்குது?"

"சுற்றறிக்கை!" என்றார் பேராசிரியர்.

அவளுக்கு ஓராண்டு ஆய்வகத் தடை. ஆய்வகம் இல்லையென்றால் பரீட்சை இல்லை. ரசாக் ஒரு வாரம் என் அறை வாசலில் வந்து நின்று, "நான் சொன்னத அடிச்சுருங்க சார்," என்று கெஞ்சினான். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று விளக்கினேன்.

அவள் அப்பா தவணையை ரத்து செய்தார். ஜனவரியில் டி.சி. வாங்க வந்தார்கள். அவர் வராந்தாவில் நின்றுகொண்டார். அன்று காலைத் தபாலில் மதராஸ் மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது: 'இத்தனை கல்லூரிகளில் உங்கள் அட்டைகள் மட்டும் பிழையின்றி வருகின்றன. அவற்றைச் சரிபார்ப்பவர் யார்? அவருக்கு இங்கே பயிற்சியும் வேலையும் தரக் காத்திருக்கிறோம். பெயரை எழுதுங்கள்.'

பேராசிரியர் கடிதத்தைப் படித்துப் பூரித்துப் போயிருந்தார். "நம்ம கூட்டு ஆய்வகத்துக்குக் கெடச்ச வெற்றிங்க இது. ஒரு ஆளு பேரப் போட்டா நம்ம கொள்கை என்னாகும்? பாத்து எழுதிப்போடுங்க."

அவள் கையெழுத்துப் போடும்போது அந்தக் கடிதம் என் முழங்கைக்கு அடியில் இருந்தது.

"சார், ரசாக் குழுவோட ரெண்டாவது பயிற்சி வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சும்மா. தப்பில்ல."

"அப்பச் சரிங்க," என்று சிரித்தாள். "வாரேனுங்க."

அவளும் அப்பாவும் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம்தான். நான் டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினேன். 'எங்கள் ஆய்வகத்தில் அப்படித் தனி ஒருவர் இல்லை. யாவும் கூட்டு முயற்சியே.' அனுப்புமுன் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். அதை மட்டும் நான் தனியாகச் செய்தேன்.